லேபிளில் எட்டு வால்வு

உங்களில் யாராவது கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் வளர்ந்திருந்தால், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, கதவுப் பிணைச்சல், அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் அது தின்றது. நான் சொல்லவரும் ரேடியோவின் ஆணிகளையும் தின்றது. மரத்தை மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

மேசையில் வைக்கும் ரேடியோவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சிறிய அலுமாரிபோல நிலத்தில் நிற்பது. பத்து வயதில் அதன் மேற்பலகை என் நெஞ்சு மட்டத்துக்கு இருந்தது. முன்பக்கம் கீழே மண்ணிறத் துணி. அதற்குப் பின்னால் ஒலிபெருக்கி. மேலே நீளக் கண்ணாடியில் ஊர்ப்பெயர்கள்: லண்டன், பம்பாய், சிங்கப்பூர், உச்சரிக்கத் தெரியாத இன்னும் பல. கண்ணாடியின் நடுவில் ஒரு பச்சைக் கண். நிலையம் சரியாக அகப்பட்டால் அந்தக் கண்ணின் இரண்டு இமைகளும் ஒன்றையொன்று தொடும். போட்டவுடன் பாடாது. வால்வுகள் சூடேற வேண்டும். அந்த அரை நிமிடத்தில் உள்ளேயிருந்து ஒரு மணம் வரும்: சூடான தூசு, மெழுகு, கொஞ்சம் அரக்கு. கடற்கரைப் பாதையில் ரயில் போனால் கண்ணாடி அதிரும். இமைகள் சற்று விலகி மறுபடி சேரும்.

என்ன கம்பனி என்று எங்களுக்குத் தெரியாது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான் இருந்தன. தோட்டத்துரை ஒருவர் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது அவருடைய சாமான்களைப் பம்பலப்பிட்டியில் ஏலம் போட்டார்கள். சாப்பாட்டு மேசை வாங்கப் போன அப்பா இதை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் நிலத்தில் பாய் விரித்துத்தான் சாப்பிட்டோம். விருந்தினர் வந்தால் அம்மா ரேடியோவைக் காட்டி, "இதுதான் எங்கட டைனிங் டேபிள்" என்பார்.

அப்பா ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் பிரதம எழுதுவினைஞர். வீட்டிலும் அவருக்குக் கோப்புகள் இருந்தன. தண்ணீர் பில்லுக்கு ஒன்று, எங்கள் தடுப்பூசி அட்டைகளுக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று. வருடாந்தம் தபாற்கந்தோரில் எடுக்கும் ரேடியோ லைசென்ஸ், பழுதுபார்த்த ரசீதுத் துண்டுகள், எல்லாம் திகதிவாரியாக. திகதி இடாத தாளை அவர் தாளாகவே மதிப்பதில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. உறவினர் வீட்டுப் பிறப்பு இறப்புகளை நான்தான் குறித்துவைக்கிறேன். இன்றும் யாருக்காவது ஒரு திகதி வேண்டுமென்றால் எனக்குத்தான் அழைப்பு வரும். அதனால் பின்வருவதை நான் நினைவிலிருந்து மட்டும் எழுதவில்லை. தாள் இருந்தது.

ரேடியோவைப் பார்க்க வருபவரை நாங்கள் ரேடியோக்காரர் என்றே அழைத்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனும் அதே தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் அந்தக் காலத்தில், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த அவரைப் போன்றவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். கிடைக்காவிட்டால் கப்பலேற வேண்டும். அவருக்கோ மனைவிக்கோ இந்தியாவில் ஒரு முற்றத்தைக்கூடத் தெரியாது. 'இவரைப் பல வருடமாக அறிவேன், நேர்மையானவர்' என்று ஓர் அரசாங்க உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்தால் விண்ணப்பத்துக்குப் பலம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே அரசாங்க உத்தியோகத்தர் அப்பா. அப்பாவும் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்கு ஞாபகம். ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது அவருக்குப் பிடித்த வேலை.

எனக்குப் பத்து வயதான வருடம், ஆடிவேல் திருவிழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன் ரேடியோ ஊமையானது. பச்சைக் கண் எரிந்தது, ஆனால் சத்தமில்லை. ரேடியோக்காரர் வந்து பின்பலகையைக் கழற்றி, முழந்தாளிட்டு நெடுநேரம் பார்த்தார். கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றார். வால்வுகளும் கம்பிகளும் பொருத்திய இரும்புத் தட்டைச் சேசி என்பார்கள். அதை அப்படியே வெளியே இழுத்து, அம்மா கொடுத்த பழைய படுக்கை விரிப்பில் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். ஒரு கிழமைக்கு எங்கள் ரேடியோ வெறும் பெட்டியாக நின்றது. நானும் தம்பியும் அதற்குள் தலையை விட்டுச் செய்தி வாசித்தோம்.

வேல் வரும் கிழமையில் அவர் சேசியைக் கொண்டுவந்து பொருத்தினார். கடையில் ஓடிய ரேடியோ வீட்டில் கரகரத்தது. ஒரு வால்வைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினார். செத்துப்போன வால்வைத் தினசரித் தாளில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரேடியோ பாடியது. அம்மா தேத்தண்ணி கொடுத்தார். போகும்போது அவர் அப்பாவிடம் அந்தக் கடிதத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளும்படி அப்பா சொன்னார்.

அன்று பின்னேரம் அப்பா ரேடியோக் கோப்பை எடுத்தார். எந்த வால்வை மாற்றியது என்று குறிக்க வேண்டும் அல்லவா? டோர்ச் லைட்டுடன் பெட்டியின் பின்னால் போய் இருந்தார். உட்பக்க மரத்தில் ஒரு கடதாசி லேபிள் ஒட்டியிருக்கும். மொடல் இலக்கமும் வால்வுகளின் பட்டியலும் அதில் உண்டு. அதை முதல் தடவையாக அன்றைக்குத்தான் வாசித்தார் என்று நினைக்கிறேன். பட்டியலில் எட்டு வால்வு. உள்ளே இருந்தது ஆறு. மறுபடி எண்ணினார். அம்மாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். ஆறுதான். சேசியில் பொறித்திருந்த இலக்கத்தையும் லேபிளோடு ஒப்பிட்டார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

எங்கள் எட்டு வால்வுச் சேசியைக் கடையில் வைத்துக்கொண்டு, மலிவான ஆறு வால்வுச் சேசி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டிவிட்டான் என்று அப்பா முடிவெடுத்தார். சத்தமும் மெலிந்துவிட்டது என்றார். அதுவரை ஒருவருக்கும் மெலிந்ததாகத் தெரியவில்லை.

அம்மா மட்டும் கேட்டார்: "முந்தி எத்தினை இருந்தது எண்டு நீங்கள் எண்ணினனீங்களே?"

"லேபிளிலை எட்டு எண்டு கிடக்கு. பிறகென்னத்துக்கு எண்ணுறது?"

பிறகு என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, கந்தோரில் ஒருவரை விசாரிக்கும் குரலில். ரேடியோக்காரர் பைக்குள் ஏதாவது வைத்ததை நான் பார்த்தேனா என்று கேட்டார். ஓம், ஒரு வால்வு, பேப்பரில் சுற்றி வைத்தவர் என்றேன். ஒன்றா இரண்டா? தெரியாது என்றேன். ஏனென்றால் அவர் சுற்றி முடித்த பொட்டலம் பெரிதாக இருந்தது. அப்பா எழுதினார். அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது: 'ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம் எனப் பிள்ளை கூறுகிறாள்.'

நான் பொய் சொல்லவில்லை. அறுபது வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோக்காரர் வெள்ளைச் சேர்ட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். மகளையும் கூட்டிவந்திருந்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்படியே பிள்ளைக்கு வேல் சோடனையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்ற எண்ணம். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நீலச் சட்டை. விறாந்தைப் படியில் என்னோடு இருந்தாள். என்ன வகுப்பு என்று கேட்டேன், சொன்னாள். தமிழ்ப் பாடத்தில் தனக்குத்தான் முதலிடம் என்றும் சொன்னாள். எனக்கு இரண்டாமிடம் என்பதை நான் சொல்லவில்லை.

அப்பா இரண்டு தாள்களோடு வெளியே வந்தார். எட்டு, ஆறு, லேபிள், இலக்கம், பை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ரேடியோக்காரருக்கு முதலில் விளங்கவேயில்லை. சிரித்தார்கூட. பிறகு சிரிப்பு நின்றது.

"ஐயா, நான் தொறந்தப்பவே ஆறுதாங்க இருந்துச்சு."

"அப்ப கம்பனிக்காரன் பொய் எழுதி ஒட்டினவனோ?"

"அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. ஆனா ஆறுதாங்க."

தான் பொலிசுக்குப் போக விரும்பவில்லை என்றும், செய்ததை ஒப்புக்கொண்டு இந்தத் தாளில் கையெழுத்து வைத்தால் விஷயம் இந்த விறாந்தையோடு முடியும் என்றும் அப்பா சொன்னார். பொலிஸ் என்ற சொல் வந்ததும் ரேடியோக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பொலிசில் ஒரு முறைப்பாடு பதிவானால் விண்ணப்பம் என்னவாகும் என்று யாரும் அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. தாளை வாங்கினார். அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். நீளமாக வாசிக்க வராது. மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.

அவள் தாளை இரண்டு கையாலும் பிடித்து, வகுப்பில் வாசிப்பதுபோலச் சத்தமாகத் தொடங்கினாள். அப்பாவின் தமிழ் கடினமானது. 'கீழே கையொப்பமிடும் நான்' என்பதிலிருந்து சேசியின் இலக்கம் வரை ஒரு பிழையில்லாமல் வாசித்தாள். 'களவாக' என்ற சொல்லில் நின்றாள்.

"படிம்மா" என்றார் அவர்.

வாசித்தாள். இந்த முறை சத்தமில்லை. அவர் விறாந்தைக் கதிரையின் கையில் தாளை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாகக் கையெழுத்து வைத்தார். பிறகு நிமிர்ந்து, மற்றக் கடிதம் எங்கே என்று கேட்டார். கையெழுத்து வைத்தால் அது கிடைக்கும் என்று நம்பித்தான் வைத்திருக்கிறார். அப்பாவின் இடது கையில் இருந்த இரண்டாவது தாள் அதுதான். லேபிளை வாசிக்க முன்பே எழுதிவிட்டிருந்தார்.

"களவெடுத்தன் எண்டு எழுதித் தந்த ஆளுக்கு நல்லவர் எண்டு நான் எப்பிடிக் காணும் எழுதித் தாறது?"

அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார். அவருக்கு அதில் எந்தச் சந்தோஷமும் இருக்கவில்லை. தான் நம்பிய ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்ற உண்மையான துக்கம் இருந்தது. அதுதான் இப்போது நினைக்கும்போது எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

அடுத்த வருடத் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனைக் கடைக்கு ஏதோ அலுவலாகப் போன மாமா, ரேடியோக்காரர் குடும்பத்தோடு இந்தியக் கப்பலுக்குத் தலைமன்னார் ரயில் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். விண்ணப்பம் சரிவரவில்லையாம். அந்தக் கடிதம் இருந்திருந்தால் சரிவந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அம்மா எழும்பிக் குசினிக்குப் போனார். அதன்பின் ரேடியோவை அப்பா போடவே இல்லை. 'களவுச் சாமான் பூட்டின பெட்டி' என்பார். சில வருடங்களில் அதன் மேல் பூச்சாடி வந்தது, பிறகு டெலிவிஷன். எண்பத்து மூன்று கலவரத்தில் ஒழுங்கையின் கடற்கரைப் பக்க வீடுகள் எரிந்தபோது நெருப்பு எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நின்றது. கோப்புகளும் ரேடியோவும் தப்பின.

அப்பாவும் அம்மாவும் போய் நெடுங்காலம். போன வருடம் வீட்டைத் தொடர்மாடி கட்டுபவர்களிடம் கொடுத்தோம். சாமான்களை வெளியேற்ற இரண்டு மாதம் தந்தார்கள். கனடாவில் இருக்கும் தம்பி, ரேடியோவைத் தூக்கி எறி அக்கா, வைக்க எங்கே இடம் என்றான். எறிய முன் அது என்னவென்றாவது தெரிந்துகொள்ள நினைத்தேன். அத்தனை வருடம் வீட்டில் நின்ற பொருளுக்குப் பெயர் தெரியாது என்பது என் குணத்துக்கு ஒத்துவரவில்லை.

விசாரித்ததில் கொலன்னாவையில் பழைய ரேடியோக்களைத் திருத்தும் ஒருவரைச் சொன்னார்கள். ரெலிபோன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சிங்களவர்; தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். நான் பின்பலகை, கண்ணாடி, குமிழ், துளைகள் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது. துளைகளுக்கிடையிலுள்ள தூரத்தையும் குமிழின் வடிவத்தையும் வைத்தே கம்பனியைக் கண்டுபிடித்துவிட்டார். இங்கிலாந்துச் சாமான், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. அவ்வளவும் எனக்குச் சந்தோஷம். ஆனால் திருத்துவதற்காகப் பெட்டியை அவரிடம் அனுப்பி ஒரு கிழமையில் அவரே தொலைபேசியில் அழைத்து, பெட்டி ஒன்று, மெஷின் வேறொன்று, இரண்டும் ஒரு மொடல் அல்ல என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "அது மாத்தினது."

"கவுத மாறு களே?" என்று கேட்டார். யார் மாற்றினது?

கதையைச் சொன்னேன். சொல்லும்போது, அப்பா சரிதான் போலிருக்கிறது என்று எனக்குள் ஓர் ஆறுதல் வந்ததை மறைக்க விரும்பவில்லை. அறுபது வருடத்துக்குப் பிறகு, சம்பந்தமில்லாத ஒருவர் அப்பாவின் கணக்கை உறுதிப்படுத்துகிறார். அந்த ஆறுதல் ஒன்பது நாள் இருந்தது.

பத்தாம் நாள் அவர் மறுபடி அழைத்தார். ஒலிபெருக்கியின் முன்துணி உக்கிவிட்டது, புதுத் துணி போடப் பழையதை உரித்தாராம். "மிஸ், எவித் பலன்ன" என்றார். வந்து பாருங்கள். என்ன என்று கேட்டேன். வந்து பாருங்கள் என்றே மறுபடியும் சொன்னார். த்ரீவீலர் பிடித்துப் போனேன்.

துணிக்குப் பின்னால், பலகையில் ஒரு சிறிய கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. கொழும்புக் கோட்டையில் இருந்த இறக்குமதிக் கடையின் துண்டு. ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தது. கப்பலில் கடல்நீர் பட்டு இந்தப் பெட்டியின் மெஷின் பழுதாகிவிட்டது, வாங்குபவரின் சம்மதத்தோடு ஆறு வால்வுச் சேசி ஒன்று பொருத்திப் பரிசோதிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. சேசியின் இலக்கம், ஒரு சுருக்கக் கையொப்பம், திகதி. அந்தத் திகதி என் அப்பா அம்மாவின் கலியாணத்துக்கு முந்தியது.

வீட்டுக்கு வந்து ரேடியோக் கோப்பை எடுத்தேன். ரேடியோக்காரர் களவாகப் பூட்டியதாக அப்பா எழுதிய சேசியின் இலக்கமும் துண்டில் இருந்த இலக்கமும் ஒன்றே. நாலு தடவை ஒப்பிட்டேன். அப்பாவைப் போலத்தான்.

எட்டு வால்வு அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

கொலன்னாவைக்காரர் வேலையை அருமையாக முடித்தார். ரேடியோ இப்போது என் பிளாட்டில் நிற்கிறது. போட்டால் கண் எரிகிறது. ஆனால் அது பிடிக்கக்கூடிய அலைவரிசைகளில் இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை, இரைச்சல்தான்.

கொட்டாஞ்சேனைக்கு நான் மூன்று தடவை போனேன். பழைய கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். மூன்றாம் தடவை, பின் சந்தில் ரேடியோக்காரரின் மனைவியின் தங்கையைக் கண்டுபிடித்தேன். புருஷனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததால் இங்கேயே தங்கிவிட்டவர். எண்பது வயதுக்கு மேல். அக்கா குடும்பம் மண்டபம் முகாமிலிருந்து திருச்சிப் பக்கம் போனது, அக்காவும் மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மகள் இருக்கிறாள் என்று சொல்லி, பேத்தியிடம் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தரச் சொன்னார்.

அழைத்தேன். மகள்தான் எடுத்தார். கொழும்பிலிருந்து பேசுகிறேன், வெள்ளவத்தை என்றேன்.

"ரேடியோ வீடா?"

ஓம் என்றேன். நான் எழுதிவைத்துக்கொண்டு வாசித்ததுபோல எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: கப்பல், கடல்நீர், துண்டு, இலக்கம், திகதி. உங்கள் அப்பா எடுக்கவில்லை என்பதற்கு இப்போது ஆதாரம் இருக்கிறது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அழவும் செய்தேன்.

"அப்பா எடுக்கலன்னு எங்களுக்குத் தெரியுமேங்க. அதுக்கு எதுக்குச் சீட்டு?"

அவருடைய குரலில் கோபம் இல்லை. அறுபது வருடப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போன நான், அங்கே அதை வைக்க இடமில்லாமல் நின்றேன்.

பிறகு அவரே கேட்டார். "அந்தக் கடுதாசி, நான் படிச்சேனே, அது இன்னும் இருக்கா?"

இருக்கிறது, இன்றைக்கே கிழித்து எரித்துவிடுகிறேன் என்றேன்.

"ஐயோ, எரிச்சிராதீங்க. அப்பா கையெழுத்து எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லீங்க. முகாம்ல வெள்ளம் வந்தப்ப தகரப்பெட்டியோட எல்லாம் போயிருச்சு. ஒரு போட்டோ இருக்கு, அவ்வளவுதான். அது இருந்தா அனுப்புவீங்களா?"

அதில் எழுதியிருப்பதை அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வாசிப்பார்களே என்று நினைத்து, கையெழுத்து இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. வெட்டாதீங்க. முழுசாவே அனுப்புங்க. எதுக்காகப் போட்டாருன்னு பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அவர் கையெழுத்து வைத்த அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். மேலே அப்பாவின் எழுத்து, ஒரே சாய்வில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். கீழே ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி வைத்த கையெழுத்து. கடைசி எழுத்தில் பேனா தாளைக் குத்திக்கொண்டு போயிருக்கிறது. வெள்ளவத்தைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். பிரதி எடுக்கவில்லை.